சேலம் என்று தேடினால்

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களை ஸ்கேன் செய்து அடுக்கி வைத்திருக்கும் இணைய நூலகம் ஒன்றில் ‘சேலம்’ என்று தட்டினேன். வந்தது செவ்வாய்ப்பேட்டையும் அல்ல, சேர்வராயன் மலையும் அல்ல. வட அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் கடலோரத்தில் இருக்கும் சேலம் வந்தது. சூனியம் வைத்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1692இல் 19 பேரைத் தூக்கில் போட்ட ஊர். அதன் பெயர் விவிலியத்திலிருந்து எடுத்தது. நம் ஊர்ப் பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் மட்டும் இரண்டும் ஒன்று. நூலில் இடப்பெயரைக் கண்டதும் வரைபடத்தில் தானாகப் புள்ளி வைக்கும் மென்பொருளிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கடிதம் ஒன்றைக் கொடுத்தால், சேலம் கச்சேரியை அட்லாண்டிக் கரையில் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடும்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளாக ஐரோப்பாவின் அரசியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் நம்பிக் கையில் எடுக்கும் கருவிகள் இவைதான்: பல்லாயிரம் பக்கங்களைச் சொல்சொல்லாகத் தேடுவது, யார் யாருக்குக் கடிதம் எழுதினார் என்று வலை வரைவது, இடங்களை வரைபடத்தில் பதிப்பது. அதே கருவிகளைத் திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் கொண்டு வந்தால் என்ன தெரியும், என்ன தெரியாமல் போகும் என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஐரோப்பிய அரசியல் வரலாற்றில் நாமக்கல்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய வேலை இருக்கிறது. 1792 மார்ச் 18 அன்று கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். கம்பெனிக்கு வந்த பங்கில் பாராமகாலும், அதற்குத் தெற்கே சேலம், நாமக்கல், சங்ககிரிச் சீமைகளும் இருந்தன. இவற்றை நடத்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடை நியமித்தார்கள். அவருக்கு உதவியாக மூவர்: வில்லியம் மக்லியாட், ஜேம்ஸ் ஜார்ஜ் கிரஹாம், தாமஸ் மன்றோ. நால்வருமே பட்டாளத்துக்காரர்கள். சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டு மொழி தெரியாது என்பதால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அவர்களை ஒதுக்கிவிட்டு இவர்களை அனுப்பினார்.

மறு ஆண்டே, 1793இல், அதே காரன்வாலிஸ் வங்காளத்தில் ஜமீன்தார்களை நிலத்துக்கு உடைமையாளர்களாக்கி நிரந்தர வரித் திட்டத்தைக் கொண்டு வந்தார். நிலம் அரசனுடையதா, பிரபுவுடையதா, உழுகிறவனுடையதா என்று ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் புத்தகங்களில் விவாதித்துக்கொண்டிருந்த கேள்வி வங்காளத்தில் சட்டமான கதையை ரணஜித் குஹா 1963இல் ஒரு நூலாகவே எழுதினார். சேலத்தில் அந்தக் கேள்வி வேறு வழியில் போனது. இங்கே நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள். 1796 டிசம்பர் 10 அன்று ரீட் விட்ட அறிவிப்பின்படி குடியானவர் ஆண்டுதோறும் தனக்கு வேண்டிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம். ரயத்துவாரி என்று பிறகு பெயர் பெற்ற முறையின் முளை இது. 1812இல் லண்டன் பாராளுமன்றக் குழு வெளியிட்ட ஐந்தாம் அறிக்கை இதையெல்லாம் எடுத்து விரித்தது. 1813இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது மன்றோ நேரில் போய்ச் சாட்சி சொன்னார். அரசு என்பது குடியோடு நேராகப் பேச வேண்டுமா, நடுவில் ஒரு பெரிய மனிதரை வைத்துப் பேச வேண்டுமா என்று லண்டனில் வாதிட்டவர்கள் சுட்டிய நிலங்களில் நம் மேட்டுக்காடுகளும் சேர்த்தி.

இதில் ஒரு முரண். முறை பிறந்த சேலத்திலேயே அது நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஊர்களைச் சிறு ஜமீன்கள் போல மிட்டா மிட்டாவாகக் கட்டி ஏலம் விட்டார்கள். எடுத்தவர்களில் பலர் கிஸ்து கட்ட முடியாமல் முழுகினார்கள். ‘மிட்டாதார் வீடு’ என்று இன்றும் கைகாட்டும் ஊர்கள் இந்தப் பக்கம் உண்டு. அது தனிக் கதை.

ரீடும் அவர் ஆட்களும் எழுதிக் குவித்த காகிதங்களைச் சென்னை அரசு அச்சகம் 1907 முதல் ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்று பகுதி பகுதியாக அச்சிட்டது. நிர்வாகம், குடிகள், விளைபொருள், சொத்து, நிலவரி, சுங்கம் என்று பொருள்வாரியாகப் பிரித்தது. லெஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெஜட்டியர், கிளெய்க் 1830இல் வெளியிட்ட மன்றோவின் வாழ்க்கையும் கடிதங்களும் என்று கூடவே படிக்க ஒரு வரிசை உண்டு. பலவும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆக, தேடுவதற்குச் சரக்கு இருக்கிறது.

தேடினால்தான் தகராறு.

கம்பெனிக்காரர்கள் காதால் கேட்டதை எழுதினார்கள். கிருஷ்ணகிரி அவர்களுக்குக் ‘கிஸ்ட்னகெரி’. தருமபுரி ‘தரம்பூரி’. திருப்பத்தூர் ‘ட்ரிப்பட்டூர்’. சங்ககிரி துர்க்கம் ‘ஸங்கெரிட்ரூக்’. நாமக்கல் ஒருவர் கையில் ‘நம்கல்’, இன்னொருவர் கையில் ‘நாம்கூல்’. ஒரே ஆள் ஒரே மாதத்தில் ஒரே ஊருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் போடுவதும் சாதாரணம். இது போதாதென்று அச்சு ஒரு பக்கம் வேலை காட்டும். சொல்லின் நடுவில் வரும் எஸ் எழுத்தை எஃப் போல நீட்டி அச்சடிக்கும் பழக்கம் 1800 வாக்கில்தான் ஒழிந்தது. எழுத்துணரி மென்பொருள் அதை எஃப் என்றே படித்துவைக்கும். மைசூர் ‘மைஃபோர்’ ஆகிவிடும். கிஸ்ட்னகெரி ‘கிஃப்ட்னகெரி’ ஆகிவிடும். இன்றைய கிருஷ்ணகிரி என்ற எழுத்துக்கூட்டலில் தேடுகிறவருக்கு அந்தப் புத்தகத்தில் கிருஷ்ணகிரியே கிடையாது.

இந்த முடிச்சை எனக்கு அவிழ்த்துக் காட்டியது மென்பொருள் அல்ல, என் பெரியப்பா. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழிக்கும் வரை கர்ணம் வேலை பார்த்தவர். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். டபிள்யூ எழுத்தில் தொடங்கிய ஓர் ஊர்ப் பெயரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர், “எழுத்தப் பாக்காத சாமி, வாயால சொல்லிப் பாரு” என்றார். சொன்னேன்: வோமலூர். “அப்பறம் என்ன? ஓமலூருதான். நாம வோமலூருன்னுதான சொல்றோம்?”

உண்மை. சொல்லின் தலையில் ஒகரம் வந்தால் நம் வாயில் ஒரு வகரம் ஒட்டிக்கொண்டு வரும். எகரம் வந்தால் யகரம் ஒட்டும். ஏற்காட்டை ஆங்கிலத்தில் இன்றும் ஒய் போட்டு எழுதுகிறோமே, அது யாரோ ஒரு வெள்ளைக்காரர் நம் பேச்சைக் காதால் கேட்டு எழுதியதன் மிச்சம். ஓமலூரின் வகரம் காலப்போக்கில் எழுத்திலிருந்து உதிர்ந்துபோனது, ஏற்காட்டின் யகரம் பலகையில் நின்றுவிட்டது. அதாவது இந்தத் தப்பும் தவறுமான எழுத்துக்கூட்டல்கள் வெறும் குப்பை அல்ல. 1790களில் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை எப்படி உச்சரித்தார்கள் என்பதற்கான ஒலிப்பதிவு. சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் இன்றைய எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழிப்பவர் ஒரு சான்றையே அழிக்கிறார். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயருக்கே இந்தப் பாடு என்றால் ஆள் பெயருக்கு எப்படி இருக்கும்? சங்ககிரிக் கோட்டையில் 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிடப்பட்டவரை நாம் தீரன் சின்னமலை என்கிறோம். ஆடிப் பதினெட்டுக்குக் கூடுகிறோம். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் தீர்த்தகிரி. பட்டப் பெயர் ஒன்று, வைத்த பெயர் ஒன்று, குலப் பட்டம் ஒன்று. மூன்றும் ஒருவரே என்று கணினிக்கு முன்கூட்டி யாராவது சொல்லி வைத்தால்தான் உண்டு.

ஐரோப்பாவில் இந்தச் சொல்லிவைக்கும் வேலையை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும். ரூத் ஆனர்ட், செபாஸ்டியன் ஆனர்ட் இருவரும் இங்கிலாந்தின் டியூடர் அரசர்கள் காலத்து அரசு ஆவணங்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை எடுத்து, எழுதியவர், பெற்றவர் என்ற வலையாக விரித்தார்கள். ஹென்றி என்ற பெயரில் பத்துப் பேர், ஒரே பிரபுவுக்குப் பட்டம் மாற மாற நான்கு பெயர் என்ற சிக்கலைக் கையால் பிரித்தெடுப்பதற்கே பெரும்பாடு பட்டார்கள். படம் வரைவதற்கு முன்னால் நடக்கும் இந்த வேலையைப் பற்றி அழகான வண்ண வலைப்படங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் கேட்பதே இல்லை. பிரான்சிஸ் பேக்கனைச் சுற்றியிருந்த உறவு வலையைக் கட்டிய கார்னகி மெலன் பல்கலைக்கழகத் திட்டத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி தயாராக இருந்தது. நம்மிடம் கம்பெனிக் காலச் சேலத்துக்கு அப்படி ஓர் அகராதி கிடையாது.

ஆனர்ட் இருவரின் இன்னொரு கட்டுரைதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மேரி ராணி கத்தோலிக்க மதத்தை மீட்க முனைந்த 1553 முதல் 1558 வரையிலான ஆண்டுகளில், சிறையிலிருந்த புராட்டஸ்டண்டுகள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். உயிரைக் கொடுத்த பெரிய தலைவர்கள் மட்டுமே வலையின் நடுவில் இருக்கவில்லை. கடிதம் சுமந்தவர்கள், பணமும் சாப்பாடும் கொடுத்துத் தாங்கியவர்கள், அவர்களில் பல பெண்கள், அந்த வலை அறுந்துபோகாமல் பிடித்துவைத்திருந்தார்கள். தலைவர்கள் ஒவ்வொருவராக எரிக்கப்பட்ட பிறகும் வலை நின்றது அவர்களால்தான். புத்தகம் படித்து மட்டும் இதைப் பார்ப்பது கடினம். எண்ணியதால் தெரிந்தது.

இதைப் படித்ததும் பாராமகால் காகிதங்களுக்கும் இப்படி ஒரு வலை வரையலாம் என்று ஆசைப்பட்டேன். சில நாள் பென்சிலோடு உட்கார்ந்ததும் ஆசை தெளிந்தது. இங்கே வலை வரைந்தால் என்ன வரும்? நடுவில் ரீட். அவரைச் சுற்றி மன்றோ, மக்லியாட், கிரஹாம். மேலே சென்னை வருவாய் வாரியம். படம் முடிந்தது. கம்பெனி தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தையே கணினி திரும்ப வரைந்து, அதற்கு அறிவியல் என்று முத்திரையும் குத்திக் கொடுக்கும்.

மேரி ராணி காலத்துக் கடிதம் சுமந்தவருக்குப் பெயர் இருந்தது; அதனால் அவர் ஒரு புள்ளியாக வலையில் ஏறினார். இங்கே தபால் சுமந்தவருக்குப் பெயர் இல்லை. கடிதங்களில் வெள்ளை அதிகாரிக்குப் பெயரும் பதவியும் உண்டு. நம்மவர் பெரும்பாலும் பதவி மட்டும்தான்: ஒரு தாசில்தார், ஒரு கர்ணம், ஒரு சேவகன், அந்த ஊர்க் கவுண்டர். கணக்குப்பிள்ளை என்ற சொல்லையே ‘கனிகோபோலி’ என்று சிதைத்து எழுதுவார்கள். மன்றோவின் மேசைக்கு ஒரு புஞ்சையின் கணக்கு வர வேண்டுமானால், ஊர்க் கர்ணம் சொல்ல வேண்டும், அளவைக்காரர் அளக்க வேண்டும், தாசில்தார் ஒத்துப்பார்க்க வேண்டும், கச்சேரியில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். இத்தனை கை மாறி வந்த செய்தி வலைப்படத்தில் ‘மன்றோவிலிருந்து ரீடுக்கு’ என்று ஒற்றைக் கோடாக நிற்கும்.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது: இந்தப் பக்கத்து ஆவணங்களில் பெயருள்ளவர்களை எண்ணுவதற்கு முன்னால் பெயரில்லாதவர்களை எண்ண வேண்டும். ‘ஒரு தாசில்தார்’ என்று வரும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். எந்தத் தாலுகா, எந்தப் பசலி, என்ன செய்தி என்று பக்கத்தில் எழுதலாம். ஒரே தாலுகாவில் அடுத்தடுத்த மூன்று கடிதங்களில் வரும் ‘ஒரு தாசில்தார்’ ஒரே ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயர் தெரியாவிட்டாலும் ஆள் உருவாகிவிடுவார். கணினிக்கு ஏற்ற வேலை இது. மனிதர் செய்தால் சலித்துப்போகும்.

பசலி என்றேன். தேதியும் ஒரு பொறிதான். ஒப்பந்தம் கையெழுத்தானது 1792 மார்ச்சில். வருவாய்க் கணக்கில் அது பசலி 1201. 1792இன் நடுவிலேயே பசலி 1202 பிறந்துவிடும். முதலில் ஆடிப் பிறப்பை ஒட்டித் தொடங்கிக்கொண்டிருந்த பசலி, பிறகுதான் ஜூலை 1 என்று நிலைத்தது. இதற்கிடையே திப்பு தன் ராஜ்யத்தில் மவ்லூதி என்று ஒரு புதிய ஆண்டுக் கணக்கையே புழக்கத்தில் விட்டிருந்தார். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்காமல் அட்டவணையைக் கணினியிடம் விட்டால், 1202ஆம் ஆண்டு ஓமலூர் வசூலை மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆண்டுதோறும் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும்போது பந்தலில் உட்கார்ந்திருக்கும் எவரைக் கேட்டாலும் ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கூட்டிக்கொள் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆங்கிலக் காகிதத்துக்கு அடியில் தமிழ்க் கணக்கு ஒன்று இருந்தது. ஓலையில், தமிழ் எண்களில், மா, காணி, முந்திரி என்ற பின்னங்களில். ஒரு மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. கணினியில் இந்தப் பின்னக் குறிகளுக்கு எல்லோருக்கும் பொதுவான இடம் எப்போது கிடைத்தது தெரியுமா? 2019இல் வெளியான யூனிகோட் 12ஆம் பதிப்பில்தான் தமிழ்ப் பின்னங்களும் பழைய கணக்குக் குறிகளுமாக 51 குறியீடுகள் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அதுவரை ஒரு கர்ணத்தின் ஓலையை உள்ளபடி தட்டச்சு செய்ய முறையான வழியே கிடையாது. மொழிபெயர்த்துத்தான் ஏற்ற முடியும். ஒரு முந்திரியைத் தசமப் புள்ளியில் எழுதினால் 0.003125. பெரியப்பாவிடம் இதைக் காட்டினேன். “இதுக்கு முந்திரின்னே எழுதிட்டுப் போலாமே” என்றார்.

ஓலைக் கணக்கை வைத்து ஒரு நாட்டையே மறுபடி கட்ட முடியும் என்பதற்குச் செங்கல்பட்டு சாட்சி. 1767 முதல் 1774 வரை பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களில் எடுத்த கணக்கை தரம்பால் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தினர் அதன் தமிழ் ஓலைகளோடு ஒத்துப்பார்த்தார்கள். ஜப்பானிய வரலாற்றாசிரியர் மிசுஷிமா அதே ஊர்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றி, யாருக்கு எங்கே என்ன பங்கு என்று ஆராய்ந்தார்.

டிஜிட்டல் முறை என்றதும் மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைக்கிற நம் பேராசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நினைவூட்ட ஒன்று: நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினியில் ஏற்றி, மூன்று தொகுதிகளாகப் பெயரடைவு வெளியிட்டது 1978இல். அதற்கு முந்தின ஆண்டு ஐராவதம் மகாதேவன் சிந்து எழுத்துகளுக்குக் கணினி வழியே தொடரடைவு கொடுத்தார். கராஷிமா குழுவினர் உடையான், மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் எந்தக் காலத்தில் பெருகின, எந்தக் காலத்தில் தேய்ந்தன என்று எண்ணி, அதிலிருந்து சோழ அரசின் கட்டமைப்பையும் நிலவுடைமையின் மாற்றத்தையும் படித்தார்கள். பெயரைக் கொண்டு அரசியலைப் படிக்கும் கலை நமக்குப் புதிதல்ல. சோழருக்குச் செய்ததைக் கம்பெனிக்குச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அச்சானதை விட்டுக் கையெழுத்துக்குப் போனால் இன்னொரு வழி திறக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கம்பெனிக் காலத் தொகுதிகள் பெரும்பாலும் நகல்கள். ரீட் எழுதிய கடிதம் என்று நாம் படிப்பது, கச்சேரியில் உட்கார்ந்திருந்த ஒரு ரைட்டர் பார்த்து எழுதியது. அந்த ரைட்டர்களில் நம்மவர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் ஏராளம். இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் உருவான டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்களுக்கு ஒருவர் கையெழுத்தில் சில பக்கங்களை நாம் படித்துக் கொடுத்தால், மீதியை அது படிக்கக் கற்றுக்கொள்ளும். இன்ன பக்கமும் இன்ன பக்கமும் ஒரே கை என்று பிரிக்கும் முறைகளும் வந்துவிட்டன. அப்படிப் பிரித்தால், இத்தனை ஆண்டுகள் இத்தனை தொகுதிகளை எழுதியது ஒரே கை என்று சொல்லலாம். எந்த ஊர்ப் பெயரை அந்தக் கை எப்போதும் ஒரே மாதிரி எழுதுகிறது, எங்கே அதிகாரியின் எழுத்துக்கூட்டலைத் திருத்துகிறது என்று பார்க்கலாம். நாமக்கல்லை ‘நம்கல்’ ஆக்கியது மன்றோவின் காதா, ரைட்டரின் கையா என்ற கேள்வி அப்போது கேட்கக்கூடிய கேள்வியாகிறது. பெயரில்லாத ஆள் ஒருவர் தன் சுழிகளாலும் கொம்புகளாலும் அடையாளம் பெறுவார்.

இதற்கெல்லாம் அடிப்படை ஓர் ஊர்ப் பெயர்ப் பட்டியல்: பழைய எழுத்துக்கூட்டல், எந்தக் காகிதம், இன்றைய பெயர், எந்தத் தாலுகா. அதைப் பெரிய நிறுவனம் எதுவும் செய்து தரும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு நீளக் கணக்கு நோட்டில் தொடங்கியிருக்கிறேன். ஆங்கில எழுத்தை நான் வாய்விட்டுப் படிப்பேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில ஊர்களுக்கு உடனே தலையாட்டுவார். சிலவற்றுக்கு, “இன்னொருக்கா சொல்லு, மெல்லச் சொல்லு” என்பார். சில ஊர்கள் இப்போது இல்லை, ஏரிக்குள் போய்விட்டன அல்லது பக்கத்து ஊரோடு சேர்ந்துவிட்டன என்று அவரே சொல்லி எழுதச் சொன்னார். நோட்டின் கடைசிப் பக்கங்களில் ‘தெரியவில்லை’ என்று தலைப்புப் போட்டு, அவரும் அடையாளம் சொல்ல முடியாதவற்றைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் பெரியப்பா முன்பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. நோட்டை வாங்கிக் கவிழ்த்து, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறார்.